தவறணையில் ஐந்தாம் மாதம்

மலையேற வேண்டாம் என்று
தவறணையில் போட்டிருக்கிறார்கள் என்னை.
லேசான வேலை.
ஓர் இலை, ஒரு கணு,
சாய்த்து ஒரு வெட்டு.
கறுப்புப் பையில் விரலால் குழி செய்து நட்டுப்
பொலித்தீனால் மூடினால்
பத்துப் பதினொரு மாதத்தில் அதே செடி.

அதே என்றால் அதேதான்.
பலகையில் தாய்ச்செடி என்று எழுதியிருக்கிறது.
இதில் தாய் எங்கே முடிகிறாள்,
மகள் எங்கே தொடங்குகிறாள்?
எட்டாயிரம் பைகளிலும் ஒருத்தியே உட்கார்ந்திருக்கிறாள்,
இலையை ஒரே பக்கம் திருப்பிக்கொண்டு.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்தேன்.
இரசாயனம் கவிழ்த்துவிட்டது.
பரீட்சையில் கேட்காத ஒரு கேள்வி மட்டும்
லயத்துக்குக் கூடவே வந்தது:
ஒன்று இரண்டாய்ப் பிளந்து
இரண்டு நாலாய்ப் பிளந்து
துணையென்று எதுவும் அறியாமல்
கோடிக்கணக்கான வருஷம் பெருகிய உயிர்
என்ன கேடு வந்து
இன்னொன்றின் கதவைத் தட்டியது?

கணக்குப் பார்த்தால் நட்டம்.
முழுசாய்த் தன்னையே விட்டுப்போகக் கூடியவள்
பிள்ளைக்குப் பாதிதான் கொடுக்கிறாள்.
அரைப் பேர்.
மற்ற அரை, கொழும்பில் ஹோட்டல் அடுப்படியில்
வெங்காயம் உரிக்கும் தவசீலனுடையது.

நானாக ஒன்று நினைத்துக்கொள்வேன்.
வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டை.
வெயில் சுட்டு
எல்லாவற்றின் ஏடும் அங்கங்கே கருகியிருந்தது.
பசியில் ஒன்று இன்னொன்றை விழுங்கியது.
செரிக்கவில்லை.
துப்பவும் முடியவில்லை.
ஒரே தோலுக்குள் இரண்டு ஏடு.
இதில் கிழிந்த வரி அதில் இருந்தது,
அதில் அழிந்த எழுத்து இதில்.
பார்த்துப் பார்த்து எழுதித் தப்பின.
மழை வந்ததும் பிரிய வேண்டும்.
எது யாருடையது என்று தெரியவில்லை.
ஆளுக்குப் பாதி, கலந்தபடியே.

காதலெல்லாம் பிறகு வந்திருக்கும்.
பசிதான் முதல் தரகன்.

யாரும் பார்த்ததில்லை.
புத்தகமே 'இருக்கலாம்' என்றுதான் முடிக்கிறது.
என்னுடையது அதைவிடச் சின்ன இருக்கலாம்.

ஆனால் ஏழாம் நம்பர் மலையை நான் பார்த்தேன்.
போன ஐப்பசியில் பத்து நாள் வெயில் இல்லை.
கொழுந்தில் எண்ணெய்ப் பொட்டு மாதிரி ஒரு புள்ளி,
பிறகு வெள்ளைக் கொப்புளம்.
லயத்துக் காம்பராவுக்கெல்லாம் ஒரே பூட்டென்றால்
கள்ளனுக்கு ஒரு சாவி போதும்.
நாலு கிழமையில் மலை முழுக்கக் கொழுந்து கருகியது.

ஓடைக்கரையில், மாடசாமி கல்லுக்குக் கீழே
வெள்ளைக்காரன் காலத்து விதைத் தேயிலை கொஞ்சம் நிற்கிறது.
ஒன்று குட்டை, ஒன்று நெட்டை,
ஒன்றின் இலை செம்பு, இன்னொன்றுக்குச் சுருட்டை.
"ஒரு வரிசைக்கு வராத கூட்டம்" என்பார்
கணக்கப்பிள்ளை பொன்னுக்காளை.
அதில் பாதி கருகியது.
பாதி கருகவில்லை.
செம்பிலைக்காரிக்கு ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

இன்று பின்னேரம் அவளைப் பார்க்கப் போனேன்.
பூத்திருந்தாள்.
தோட்டத்தில் பூப்பது குற்றம்,
கவ்வாத்துக் கத்தி வந்துவிடும்.
ஓடைக்கரையை யாரும் கவனிப்பதில்லை.
தன் தூளைத் தானே ஏற்காதாம் இந்தப் பூ, பெரும்பாலும்.
வேற்றுச் செடியின் தூள் வேண்டும்,
ஏதாவது ஈயின் காலில் ஒட்டி.
அந்த ஈக்காகக் காத்திருந்தேனா,
மூச்சு வாங்க உட்கார்ந்தேனா, தெரியாது.
வெடித்து விழுந்த காயில் கிடந்த விதையை
மடியில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

பை எண்ணிக்கை குறைந்திருந்தது.
செக்ரோலில் என் பெயருக்கு நேரே
பொன்னுக்காளை அரைப் பேர் எழுதினார்.
சரி என்றேன்.

அவர் குடையை விரித்து இறங்கிப் போனபின்
கடைசி வரிசையில் ஒரு பையில்
அந்த விதையை ஊன்றினேன்.
நம்பர் எழுதவில்லை.
பனி இறங்கி எட்டாயிரத்தையும் மூடியது.
உள்ளே உதைத்தாள்.
உதைத்தானோ.