வர்க்கி, அறுபது ரூபாய்

பதினேழாம் கேள்வி:
மாத்திரை வாங்கப் போய்வர என்ன செலவாகிறது?

யோகமணி விரல் மடக்கவில்லை.
எல்லாம் மனப்பாடம்.
சேரம்பாடியிலிருந்து விடியுமுன் முதல் பஸ்,
கூடலூரில் மாறி,
நடுவட்டம் ஏறும்போது குமட்டலுக்கு ஒரு எலுமிச்சை,
ஊட்டியில் வரிசை, ஒரு டீ,
திரும்பி வர ராத்திரி ஒன்பது.
பறிக்காத கொழுந்துக்குச் சம்பளம் இல்லை.

கட்டங்களை நிரப்பிக்கொண்டே கேட்டேன்:
வேறு ஏதாவது?

"வர்க்கி. அரைக் கிலோ. அறுபது ரூவா."

சாப்பிடவா?

"எனக்கு எதுக்கு. லயத்துல குடுக்க.
மாசாமாசம் எங்க போறேன்னு கேக்குறாங்கல்ல,
தங்கச்சி வீடுன்னு சொல்லியிருக்கேன்.
வெறுங்கையோட வந்தா
தங்கச்சி செத்துருவா."

எங்கள் அலுவலகத்தில்
ஒரு வருட உயிரை ஒன்று என்று எழுதுவோம்.
படுக்கையில் கிடந்தால் அரை.
வரப்போகும் வருடம் என்றால்
வருடத்துக்கு நூற்றுக்கு மூன்று கழிவு.
பத்து வருடம் கழித்து அவள் கண்விழிக்கும் காலை
இன்றைய காலையில் முக்கால் பங்குதான்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
எடை மேடையில் ஈரக்கழிவு என்று
கிலோவைக் குறைப்பதை நாளும் பார்க்கிறவள்.
சொன்னால் புரிந்திருக்கும்.

குன்னூர் விடுதியில் கணக்கைக் கூட்டினோம்.
பேராசிரியர் வர்க்கியை அடித்தார்.
"இது சிகிச்சைச் செலவில்லை. பலகாரம்."
மறுபடி எழுதினேன். மறுபடி அடித்தார்.
நூற்றுப் பன்னிரண்டு படிவங்களையும்
கட்டில்மேல் பரப்பினேன்.
ஒருத்திக்கு கேரட்.
ஒருவருக்குக் கோயில் குங்குமப் பொட்டலம்.
பெள்ளி ராஜன் என்ற டிரைவருக்கு,
ஹார்டுவேர் கடைக்குப் போனதற்குச் சாட்சியாக,
தேவையே இல்லாத ஆணிகள் கால் கிலோ.
எழுபத்தொரு பேருக்கு ஏதோ ஒன்று.
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
ஜன்னலில் மூடுபனி தவிர ஒன்றுமில்லை.

முதல் வரைவில் எங்கள் பரிந்துரை:
பந்தலூரிலேயே ஒரு மையம். பஸ் காசு மிச்சம்.
வர்க்கி வந்து அதைத் திருப்பிப்போட்டது.
பக்கத்தில் என்றால் பார்த்துவிடுவார்கள்.
அந்தத் தூரத்தை
அவர்கள் காசு கொடுத்தல்லவா வாங்கிக்கொண்டிருந்தார்கள்!
தூரம் இருக்கட்டும், தடவை குறையட்டும்.
மூன்று மாத மாத்திரை ஒரே கையில்.

நிதித்துறையில் ஒரே கேள்வி: எவ்வளவு மிச்சம்?
யாருக்கு என்று நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை.
கிடங்கு, அலமாரி, ஆள்கூலி கூட்டிக் கழித்து
ஒரு எண்ணைச் சொன்னோம்.
அடுத்த ஒதுக்கீட்டில் அரை வரி வந்தது.
வர்க்கி, அறிக்கையின் அடிக்குறிப்பில்,
கண்ணுக்கு எட்டாத எழுத்தில்.

மறுபடி போனபோது
தோளில் சாக்கோடு நின்றாள்.
"இப்ப வருசத்துக்கு நாலு தடவதான்.
தங்கச்சிக்கும் எனக்கும் சண்டைன்னு சொல்லிட்டேன்."

பிறகு, சுற்றிலும் பார்த்துவிட்டு:
"மூணு டப்பாவும் பைக்குள்ள குலுங்குது.
பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாப்புல இருக்கு.
நடுவுல பஞ்சு வச்சுக்குறேன்.
பஞ்சு அஞ்சு ரூவா.
எழுதிக்கிறீங்களா?"