செடியைச் சுற்றி

மேனேஜருக்குப் பின்னால் ஜன்னல்,
ஜன்னலுக்குப் பின்னால் மஞ்சு,
மஞ்சுக்குப் பின்னால் எங்கேயோ
பன்னிரண்டாம் நம்பர் காடு.
மேசைக்கு இந்தப் பக்கம் இராக்காயி.
தலையில் போட்ட சாக்கு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
நடுவில் நான்.
கொழுந்து நிறுப்பது போக
இவள் தமிழை அவருக்கும்
அவர் இங்கிலீஷை இவளுக்கும்
நிறுத்துப் போடுவதும் என் வேலை.

முதலில் மழையைச் சொன்னாள்.
பிறகு அட்டையை:
உப்பும் புகையிலையும் தேய்த்தாலும்
விரலிடுக்கில் ஏறிவிடுகிறதாம்.
பிறகு, கீழ்க்கோத்தகிரி பஸ்
இப்போதெல்லாம் மூன்றாம் வளைவிலேயே திரும்பிவிடுவதை.
பிறகு, சடைச்சியின் மருமகளுக்கு ஆறு மாசம் என்பதை.
பிறகு கரடியை.
கரடி வந்ததும் எனக்கு நிம்மதி,
விஷயம் இதுதான் போல என்று.
இல்லை. கரடியை அங்கேயே விட்டுவிட்டு
மறுபடி மழைக்குப் போனாள்.

அவர் பேனாவை மூடினார்.
"டோன்ட் பீட் அரவுண்ட் த புஷ்."

படித்திருக்கிறேன்.
வேட்டைக்குப் போகிறவர்கள்
புதரைச் சுற்றித் தட்டிப் பறவையைக் கிளப்புவார்களாம்.
தட்டிக்கொண்டே இருந்து
பறவைக்குக் கை நீட்டாதவனுக்கான சொல்.
நம்மிடம் இல்லாததா?
சுற்றி வளைக்காதே,
தலையைச் சுற்றி மூக்கைத் தொடாதே,
ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.
அன்றைக்கு எனக்கு என்ன வந்ததோ,
அப்படியே எடுத்துப் போட்டேன்:
"செடியச் சுத்தித் தட்டாதேங்கறாரு."

அவள் சாக்கை இறக்கினாள்.
என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.
"இது இவருக்கு யாரு சொன்னது?

தட்டாம எப்படிங்க உக்கார்றது?
ஒருத்தி ஒதுங்கப் போனா
நாலு பேரு கம்பெடுத்துச் செடியச் சுத்தித் தட்டணும்.
பாம்பு கெடக்கும்.
போன மாசம் கரடி கெடந்துச்சு.
வாயும் வயிறுமா இருக்குற புள்ள, ஓட முடியுமா,
விழுந்துட்டா.
அதுலேர்ந்து காலைல ஒருத்தியும் தண்ணி குடிக்கறதில்ல.
அதத்தானே கேக்க வந்தேன்.
நாலு தகரம், ஒரு கதவு,
உள்ளேர்ந்து போடுற தாழ்ப்பா."

ஒதுங்க.
இதை எந்தத் தட்டில் வைப்பது?
மழைக்கும் ஒதுங்குவார்கள், பஸ்ஸுக்கும் ஒதுங்குவார்கள்.
பள்ளிக்கூடத்தில் மழைக்குக்கூட ஒதுங்காதவள் என்று
ஆபீசில் இவளைத்தான் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.
அந்தச் சொல்லே
ஏதோ ஒரு செடிக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது.

"டாய்லெட்" என்றேன்.
ஒரே சொல். அவர் கேட்டபடி நேராக.

அவர் காது சிவந்தது.
பட்ஜெட் என்றார். ஹெட் ஆபீஸ் என்றார்.
ஏலத்தில் தூளுக்கு விலை இல்லை என்றார்.
அந்தக் காடு சரிவு, அஸ்திவாரம் நிற்காது என்றார்.
பேனாவைத் திறந்தார், மூடினார்.
ஜன்னல் பக்கம் திரும்பி
இந்த வருஷத்து மழையைப் பற்றிச்
சொல்ல ஆரம்பித்தார்.

இராக்காயி என் பக்கம் சாய்ந்தாள்.
"என்ன சொல்றாரு?"

"தட்டறாரு" என்றேன்.

"அப்ப உள்ள ஏதோ கெடக்கு" என்று
யாரும் காட்டாத நாற்காலியை இழுத்து
உட்கார்ந்தாள்.
சாக்கு கார்ப்பெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.