நகர்ந்தார்கள்

மினசோட்டாவின் தென்மேற்கு மூலையில்
பன்றி இறைச்சி ஆலையின் சங்கு கேட்டு விழிக்கிற ஊர்.
எட்டாம் வகுப்பு, நான்காவது பீரியட்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
சமூக அறிவியல் புத்தகம் இரண்டு கிலோ இருக்கும்.
கடைசி மேசையில் நான்கு பேர்
அதைச் செங்கல்லைப் பார்ப்பதுபோல
தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
செப்டம்பரிலிருந்து.

ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து
ஏழாம் பாடத்தை இளக்கினேன்.
நீண்ட வாக்கியங்களை மூன்றாய் முறித்தேன்.
'ஒப்பந்தம்' போய்ப் 'பேச்சு' வந்தது,
'எல்லை'க்குக் 'கோடு'.
ஒன்றரைப் பக்கம், பெரிய எழுத்து.
மீனில் முள் எடுத்துத் தருகிறேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

செர் நே பா சத்தமாக வாசித்தாள்:
"பழங்குடி மக்கள் மேற்கே நகர்ந்தார்கள்.
புதியவர்கள் வந்தார்கள். ஊர்கள் எழுந்தன."
தடங்கலே இல்லை. கைதட்டப் போனேன்.
அவள் விரலை எடுக்கவில்லை.
"மிஸ், நகர்ந்தார்களா?
நகர்த்தினார்களா?"

தாய்லாந்து எல்லை முகாமில் பிறந்தவள்.
ஒன்பது வயதில்
காகிதங்கள் திணித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பையை
நெஞ்சோடு அணைத்துப் பேருந்தில் ஏறியவள்.
பேருந்தின் எண் இன்னும் நினைவிருக்கிறதாம்.
"எங்களையும் இப்படித்தான் எழுதுவீர்களா?"

நான் பதில் சொல்லவில்லை.
அலமாரியைத் திறந்து
செங்கற்களைத் திரும்ப எடுத்துவந்தேன்.
பக்கம் இருநூற்றுப் பதினான்கு, மூன்றாவது வரி:
'அகற்றப்பட்டனர்.'
கடினம் என்று நான் எறிந்த முள்.

அந்த ஒரு சொல்லுக்கு
அரைமணி நேரம் ஆனது.
அகல்வது வேறு, அகற்றுவது வேறு.
அகற்றுவதில் ஒரு கை இருக்கிறது.
யாருடையது? புத்தகத்தைப் புரட்டினோம்.
பெறப்பட்டது, வரையப்பட்டது, மூடப்பட்டது.
பக்கமெங்கும் பட்டவர்கள் மட்டும்.
அப்திரிசாக் ஒவ்வொன்றின் தலையிலும்
பென்சிலால் கேள்விக்குறி போட்டான். பதினொன்று.
பள்ளிப் புத்தகத்தில் கிறுக்கக் கூடாது.
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எவெலியோ அன்றும் ஒரு வரி வாசிக்கவில்லை.
வீட்டில் மாம், கடையில் ஸ்பானியம்,
மூன்றாவது மொழிக்கு வாயில் இடமில்லை.
படத்தையே பார்த்திருந்தான்:
பழைய இறைச்சிக் கொட்டகை, வரிசையாய் ஆட்கள், கத்திகள்.
"கையுறை இல்லை," என்றான்.
அவன் அம்மாவுக்கு உண்டு, எஃகு வலையில்.
"எந்த வருஷம் கொடுத்தார்கள்?"
தெரியவில்லை என்றேன்.
படத்தின் அடியிலிருந்த பொடி எழுத்தில்
விரலை வைத்தான்.
முதல் சொல்லில் மாட்டினான்,
இரண்டாவதைத் தாண்டினான்,
மூன்றாவதில் மணி அடித்தது.

வெள்ளிக்கிழமைத் தேர்வில்
நால்வருக்கும் மதிப்பெண் ஏறவில்லை.
கையுறையைப் பற்றி நானே
ஆலை அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.
"பரிசீலிக்கப்படும்," என்றார்கள்.
யாரால் என்று கேட்பதற்குள்
வைத்துவிட்டார்கள்.