நான்காவது புகைபோக்கி

புதுச்சேரி, 1914. காலை எட்டேகால்.
தூரக்கண்ணாடியில் கப்பல் ஒரு விரல் நீளம்.
புகைபோக்கி எத்தனை என்றார் முசே.
நான்கு என்றேன்.
நான்கென்றால் கூட்டாளிதான், எழுதிக்கொள் என்றார்.
எழுதினேன்.

இரும்புப் பாலத்தடியில்
பாய் தைத்துக்கொண்டிருந்த செய்யது மீரான்
கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.
வாயில் ஊசி, அதோடேயே சொன்னார்:
"மூணுதான் இரும்பு. ஒண்ணு துணி.
காத்துல வயிறு ஒட்டுது பாருங்க."

துணி.

மார்சேய்க்கு ஏற்றவேண்டிய மல்லாட்டை மூட்டைகள்
கரையெல்லாம்.
நேற்று ராத்திரி சென்னப்பட்டணத்தில்
எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது
இதுதானா?
சுமைகாரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்,
நான் பேரேட்டைப் பார்த்தேன்.

அதன் கட்டுமானத்தைப் பிற்பாடு படித்தேன்.
கவசம் கனத்தால் ஓட முடியாதென்று
பக்கத் தகட்டை மெலிதாக்கியிருக்கிறார்கள்,
மிச்சம் பிடித்த எடைக்கு நிலக்கரி.
பீரங்கி பத்து, அதுவும் சிறிசு.
அடி தாங்கச் செய்ததல்ல,
அடித்துவிட்டுக் காணாமல்போகச் செய்தது.
அதன் ஆகத் தடித்த கவசம்
அந்தத் துணிதான்.

அன்று சுடவில்லை.
குண்டைச் சேமித்ததோ,
எங்களை ஒரு ஊராகவே மதிக்கவில்லையோ,
தெற்கே திரும்பிப் புகையாகிப் போனது.

திருத்தட்டுமா என்றேன்.
முசே ஒற்றுத்தாளை எடுத்து
நான்கின்மேல் வைத்து அழுத்தினார்.

சாயங்காலம் மீரான்தான் வந்து கேட்டார்,
ஊசியைத் தலைப்பாகையில் குத்திக்கொண்டே:
"அந்தத் துணியத் தச்சவன் எந்த ஊர்க்காரன்?
இவ்வளவு தூரத்துக்கு
தையலே தெரியலியே."