திரும்பும் இடம்

பதினொரு வருடமாக
அந்தக் கல்லூரி எனக்கு
பஸ்ஸைத் திருப்புகிற இடம்.
கடைசி நிறுத்தம். பின்கதவைத் திறப்பேன்,
முதுகுப்பைகள் இறங்கிப்போகும்.
கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு
யாரோ விட்டுப்போன கையுறையை
முன்னால் எடுத்து வைத்துக்கொண்டு
வளைத்துத் திருப்புவேன், வந்த வழிக்கே.

டொலீடோவில் ஜனவரி என்றால்
டீசலுக்கே ஓட மனம் வராது.
அப்படியொரு நாளில் சீருடையோடு
நூலகத்தின் கீழ்த்தளத்தில்
அறை 114ஐத் தேடிப் போனேன்.
போன வழியெல்லாம் என் பூட்ஸ் ஈரம்.
ஏசி பழுதுபார்க்கும் சான்றிதழுக்குக்
கணக்கில் பாஸாக வேண்டும்.
எனக்கு ஐம்பத்தொன்று.
எட்டில் ஐந்தை நான் கடைசியாகப் பார்த்தது
ஸ்பேனரின் கழுத்தில்.

வாசலில் ஒரு தாள்.
பெயர், பாடம், வந்த நேரம், போன நேரம்.
காசை எங்கே எழுதுவது என்று
பேனாவோடு தேடிக்கொண்டிருந்தேன்.
"இலவசம்" என்றாள்.
முதல் தடவை இலவசம், சரி. அப்புறம்?
"அப்புறமும்."
எவ்வளவு நேரம்?
"எட்டு மணிக்கு விளக்கை அணைப்பார்கள்."

எனக்கு முந்தைய வரியில்
பாடம் என்ற கட்டத்தில் ஒருவன்
'கதகதப்பு' என்று எழுதியிருந்தான்.
ஹீட்டரை ஒட்டி, வேதியியல் புத்தகத்தின் மேல்
அவனேதான், வாய் திறந்து தூங்குகிறான்.
நர்ஸிங் படிக்கும் பெண்ணின் கால்
தொட்டிலை ஆட்டுகிறது,
கை எலும்புகளுக்குப் பெயர் எழுதுகிறது.

ஹனீன் சலீபா. இருபது வயது.
எதிரே உட்காரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்தாள்;
எதிரே இருந்தால் எண்கள் தலைகீழாகத் தெரியுமாம்.
தப்பைத் திருத்தமாட்டாள்.
தப்பின் பக்கத்தில் பச்சை மையில்
ஒரு புள்ளி வைப்பாள், அவ்வளவுதான்.
நான் அந்தப் புள்ளியையே முறைத்துக்கொண்டிருப்பேன்.

மைனஸை மைனஸால் பெருக்கினால்
பிளஸ் எப்படி வரும் என்று
இருபது நிமிடம் சண்டை போட்டேன்.
இரண்டு கடன் சேர்ந்து வரவாகுமா?
என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார், சிரிப்பார்.
அவள் பேனாவை மூடினாள்.
"விதி தெரியும். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை.
செவ்வாய்க்கிழமை வாருங்கள்."

ஒரு டீச்சரும் என்னிடம்
தெரியவில்லை என்று சொன்னதில்லை.
அதற்காகவே போனேன்.

செவ்வாயன்று ஒரு பஸ் வரைந்து வைத்திருந்தாள்,
மூன்று பேரைக் கேட்டாளாம்.
சக்கரம் கோழிமுட்டை மாதிரி இருந்தது.
"நீங்கள் ரிவர்ஸ் எடுக்கிறீர்கள்,
ஒருவர் வீடியோ எடுக்கிறார்.
அதைப் பின்னோக்கி ஓட்டினால்
பஸ் எந்தப் பக்கம் போகும், மிஸ்டர் கிஷ்?"

கண்ணை மூடி ஓட்டிப் பார்த்தேன்.
முன்னால் போனது.
இன்னொரு தடவை ஓட்டினேன். முன்னால்தான்.

முதல் தேர்வில் நாற்பத்தொன்று.
இரண்டாவதில் அறுபத்து மூன்று.
எழுபது வேண்டும். மே மாதம் இன்னொன்று இருக்கிறது.
"இது தெரியாமல் போட்டதில்லை, அவசரம்" என்று
தாள் முழுக்கப் புள்ளி வைத்தாள்.
ஐம்பத்தொரு வயதில் அவசரப்படாமல் எப்படி?

மார்ச்சில் எனக்கு இரவு டூட்டி.
எட்டேகாலுக்குக் கடைசி பஸ்.
முதல் நாள் அவள் ஏறியபோது
டிக்கெட் கருவியைக் கையால் மூடினேன்.
என் விரலை நகர்த்திவிட்டுக்
கார்டைத் தட்டினாள். பீப்.
"உங்கள் வேலைக்கு ஆபத்து."
அவள் அறையில் எதற்கும் காசில்லை,
என் பஸ்ஸில் உண்டு.
வண்டி நகருமுன்பே தூங்கிவிட்டாள்,
மறுநாள் அவளுக்கும் தேர்வு.
சிவப்பு விளக்குகளில்
பிரேக்கைப் பஞ்சு மாதிரி மிதித்தேன்.

நேற்று எட்டேகால் ஆகியும் ஆளைக் காணோம்.
கீழ்த்தளத்து ஜன்னலில் வெளிச்சம் இருந்தது.
யாரோ புள்ளியை முறைத்துக்கொண்டிருப்பார்கள்.
என்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தேன்.
நான்கு நிமிடம் தாமதம்.

டிப்போவில் அதற்கும் ஒரு தாள் உண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
'பனி' என்று எழுதினேன்.

பனி உருகி இரண்டு வாரமாகிறது.