கழித்தல் குறி

பஹாவில் மழை பிடித்துக்கொண்டால்
முதலில் இணையம் போகும், பிறகுதான் மின்சாரம்.
ஆகவே நாலரை கிகா இறக்கச் சொன்ன
அந்தப் பெரிய கம்பைலரைப்
பத்தொன்பது சதவீதத்திலேயே கைவிட்டேன்.
அதற்கு என் கைப்பேசி டேட்டாவும் போதாது,
மில் ஆபீஸ் கழித்துப்போட்டபோது
நூற்றெண்பது ரிங்கிட்டுக்கு எடுத்த
இந்த டெஸ்க்டாப்பின் வயிறும் போதாது.

மிச்சம் இரண்டு.

ஒன்று, பொலிடெக்னிக் காலத்து நீலத்திரை, டர்போ சி.
சர்குணன் பென்டிரைவில் கொண்டுவந்தான்.
நேராக ஓடாது; பழைய டாஸ் போல நடிக்கும்
ஒரு பெட்டிக்குள் அதை உட்காரவைக்க வேண்டும்.
கோப்புக்கு எட்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது.
ஆனாலும் என் விரல்களுக்கு அதன் சந்துபொந்து தெரியும்.

மற்றது ஜிசிசி.
கறுப்பு ஜன்னல், ஒரு சிமிட்டல்.
பாதை சரியில்லை என்று இரண்டு இரவு
வாசலிலேயே நிறுத்தியது.
உள்ளே விட்டபிறகோ வாய் மூடவில்லை:
இந்த மாறிக்கு மதிப்பே தரவில்லையே,
இதை எதற்கு அறிவித்தாய், தொடவே இல்லையே,
இங்கே திருப்பித்தர வேண்டியது எங்கே.
பந்தி விசாரிக்கும் சித்தப்பாவைப் போல.
எல்லா எச்சரிக்கையும் சொல் என்று
கேட்டவள் நான்தான், இருந்தாலும்.

நீலத்தையே வைத்துக்கொண்டேன்.
பழகிய செருப்பு.

வேலை ஒன்றும் பெரிதில்லை.
செம்பனைக் குலையோடு லாரி தராசில் ஏறும்,
கொட்டிவிட்டு வெறுமனே ஏறும்.
கழி. கும்பல் வாரியாக வாரத்துக்குக் கூட்டு.
எக்ஸெல் சூத்திரத்தை யாரோ இழுத்து நாசமாக்காதிருந்தால்
நான் சி பக்கமே வந்திருக்கமாட்டேன்.

மூன்று வாரம் ஒழுங்காகக் கூட்டியது.
நாலாவது வாரம் நல்ல காய்ப்பு.
ஏழாம் கும்பல்:
லொம்பொக்கிலிருந்து வந்த சுஹர்மான், அவன் மச்சான்,
வங்காளதேசத்துப் பையன்கள் இரண்டு பேர்,
தள்ளுவண்டிக்குப் பூமிநாதன்.
வெட்டியது முப்பத்து மூவாயிரத்து நானூற்றுப் பத்து கிலோ.
சீட்டில் விழுந்தது
−32126.

பக்கத்தில் சம்பளம், அதுவும் கழித்தலில்.
அதாவது அந்த ஐந்து பேரும்
முப்பத்திரண்டு டன் குலையைத் திரும்ப மரத்தில் மாட்டிவிட்டு
ஆபீசில் பணமும் கட்டவேண்டும்.

சுஹர்மான் எண்ணைப் பார்க்கவில்லை.
முன்னால் கிடந்த சின்னக் கோட்டை மட்டும்
நகத்தால் தொட்டான்.
தூசியோ என்று சுரண்டியும் பார்த்தான்.
“இனி அபா, காக்?”

பதினாறு பிட் அறை.
முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழு வரை இடம்.
அதற்குமேல் ஒரு கிலோ ஏறினால்
எண் அப்படியே கவிழ்ந்து
மறுகரையில் எழுந்து நிற்கும்.
பழகிய செருப்பு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

‘லாங்’ என்று மாற்று, அதிலேயே சரியாகிவிடும்
என்றான் சர்குணன். ஆகும்தான்.
எத்தனை இடத்தில் என்று யார் சொல்வது?

அன்றிரவே கோப்பைக் கறுப்பு ஜன்னலுக்குக் கொடுத்தேன்.
கோனியோவா, யாரது என்றது.
திரை துடைக்கத் தெரியாது என்றது.
பதினான்கு எச்சரிக்கை. ஒவ்வொன்றாகத் தின்றேன்.
பதினோராவதில் வேறொரு கும்பலின் கணக்கு
சுழியத்தில் தொடங்காமலே
இத்தனை நாள் கூடிவந்திருந்தது.
அதை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.

33410.

நியாயமாகப் பேசினால்
எண் கவிழ்வதை இதுவும் சொல்லியிருக்காது.
இதன் அறை பெரிது, அவ்வளவே.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்:
ஏழாம் கும்பல் இதே வேகத்தில் வெட்டினால்
இந்த அறை நிரம்ப
ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு வருஷம்.

புதுச் சீட்டைக் கொடுத்தேன், மன்னிப்பும் கேட்டேன்.
பழையதைத் திருப்பிக் கேட்டபோது
சுஹர்மான் தரவில்லை.
நாலாக மடித்து
வேலைப் பெர்மிட்டுக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.