இன்ஜினை அணைத்த பிறகு

ஹுவே நகரத்தில்
ஏழு மணிக்கு ஒரு நடை, எட்டரைக்கு இன்னொன்று.
என் படகுக்கு இரண்டு டிராகன் தலைகள்.
இடப்பக்கத் தலையின் கண்ணை
போன வெள்ளம் கொண்டுபோயிற்று.
நான் வரைந்த புதுக் கண் சற்றே பெரிது.
ஆற்றை அது
தினமும் புதிதாய்ப் பார்ப்பதுபோல் பார்க்கிறது.

நான் பின்னால் உட்காருபவன்.
பாட்டை அதன் முதுகிலிருந்து கேட்பவன்.
தியெப் என்றால் எனக்கு
தலையில் சுற்றிய நீலத் துணி,
அதற்குக் கீழே வியர்வையில் ஒட்டிய நாலு முடி.
கரையில் அவள் முகம் தெரியும்:
காசு எண்ணும் முகம், ஹெல்மெட் மாட்டும் முகம்.
பாடும் முகத்தைப்
பதினோரு வருஷமாகப் பயணிகள்தான் பார்க்கிறார்கள்.

வாசனை ஆறு என்று பெயர்.
எனக்கு டீசல் வாசனை.
யாராவது காரணம் கேட்டால்
மேற்கே மலையில் பூ உதிரும் பருவத்தைச் சொல்வேன்,
கூட நின்று பார்த்தவன் மாதிரி.

இன்று தூறல்.
எட்டுப் பேர் சேராமல் கயிறு அவிழ்ப்பதில்லை.
ஒருத்தி வந்தாள்,
எட்டுப் பேர் காசையும் கொடுத்தாள்.
முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில்
நடுவில் ஒன்றைத் துடைத்து உட்கார்ந்தாள்.
வடக்கத்திப் பேச்சு. ஈரக் குடை.
என்ன பாட்டு வேண்டும் என்றதற்கு
‘நீங்கள் பாடுவது’ என்றாள்.

லூக் நிலா வீணையைச் சுருதி சேர்த்துவிட்டு
கால்பந்து ஸ்கோரை இன்னொரு முறை பார்த்துக்கொண்டான்.
ஹுவாய் கைக்கு இரண்டாகக் கிண்ணங்களை எடுத்தாள்;
தேநீரே அறியாத தேநீர்க் கிண்ணங்கள்,
விளிம்போடு விளிம்பு பேசிப் பழகியவை.
பாலம் சிவப்பாகி, ஊதாவாகி, பச்சையானது.
நடு ஆற்றில் இன்ஜினை அணைத்தேன்.

அணைத்ததும் முதலில் கேட்பது பாட்டு அல்ல.
இவ்வளவு நேரமும் தண்ணீர்
நம்மைத் தொட்டுக்கொண்டேதான் வந்தது என்பது.

மூன்றாம் பாட்டில் காகித விளக்குகள்.
எட்டு டிக்கெட்டுக்கு எட்டு விளக்கு.
எட்டையும் அவளே ஏற்றினாள்,
எட்டையும் அவளே விட்டாள்.
(பத்தரை மணிக்கு வலையோடு வந்து
ஊரார் வேண்டுதல்களையெல்லாம் நான் அள்ளுவேன்.
மெழுகு மிச்சம் வீட்டுக்கு.
பயணிகளிடம் இதைச் சொல்வதில்லை.)

ஏழு, சந்தைப் பக்கம் வரிசையாய்ப் போயின.
எட்டாவது திரும்பியது.
என் காலடியில் பலகையைத் தட்டியது.
துடுப்பால் தள்ளினேன்; ஒரு சுற்றுச் சுற்றி
மறுபடி வந்து தட்டியது,
கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுவதுபோல்
மெதுவாக, ஆனால் விடாமல்.

படகின் பின்பக்கம் நீர் சுழலும்.
அது எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

தியெப்புக்கு அடுத்த அடி மறந்தது.
கிண்ணங்கள் பாதியில் நின்றன.
அந்தப் பெண் எழுந்து
நாற்காலிகளை விலக்கிக்கொண்டு
யாரும் வராத இந்தப் பின்பக்கத்துக்கு வந்தாள்.
‘இன்ஜின் சூடு, தொடாதீர்கள்’ என்றேன்.
குனிந்து விளக்கை எடுத்தாள்.
ஊதி அணைத்தாள்.
சொட்டச் சொட்ட நாலாய் மடித்துக்
கைப்பையில் போட்டுக்கொண்டு கேட்டாள்:
‘எட்டில் ஒரு பங்கு காசு திரும்பக் கிடைக்குமா?’

சிரித்தாள் என்று முதலில் நினைத்தேன்.
பிறகும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

டீசல் கேன் மேல் என் துண்டை விரித்தேன்.
உட்கார்ந்தாள்.
கேட்க வந்தவள் பின்னால் இருக்க
முன்னால் யாருக்குப் பாடுவது?
தியெப் பாயோடு திரும்பி உட்கார்ந்தாள்.

மறந்த அடி அவளுக்கு வந்துவிட்டது.
மேல் வரிசையில் ஒரு பல் உள்ளே தள்ளியிருக்கிறது.
நீண்ட சொற்களுக்கு இடது கண் மூடிக்கொள்கிறது.
மூச்சு எடுக்கையில்
யாரோ எதையோ கொடுக்கப்போவதுபோல்
முகவாய் லேசாக உயர்கிறது.

படகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது.
வலப்பக்கம் பாலத்தின் தூண்,
அதன்மேல் மஞ்சள் வெளிச்சம்.
இன்னும் இருபது அடி இருக்கும்.
சாவியில்தான் இருந்தது கை.